கன்னியாகுமரிக் கரையில் நின்றால் பூமியின் உருண்டை தெரியுமா?

கன்னியாகுமரி முனையில் மாலை ஐந்தரை மணிக்குக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றால், பூமியின் வடிவத்தைப் பற்றி இரண்டு தவறான பாடங்களைக் காசு கொடுக்காமல் கேட்டுவிடலாம். முதல் பாடத்தைச் சுற்றுலாக் குழுவை அழைத்து வந்தவர் நடத்துவார். "இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாருங்கள், கடல் வளைந்திருப்பது தெரிகிறதா?" என்று கையை வில்லைப் போல அசைத்துக் காட்டுவார். எல்லோரும் தலையாட்டுவார்கள். இரண்டாவது பாடம் கைப்பேசியில் வீடியோ பார்த்துவிட்டு வந்த இளைஞர்களுடையது. "வளைவு எங்கே இருக்கிறது? அடிக்கோல் வைத்து இழுத்த கோடு போல அல்லவா இருக்கிறது? பூமி தட்டைதான்" என்பார்கள்.

என் தம்பி மகன் இரண்டாவது வகை. போன டிசம்பர் விடுமுறையில் அவனோடு அங்கே நின்றபோது எனக்கு ஏற்பட்ட சங்கடம் என்னவென்றால், கண்ணால் கண்டதைச் சரியாகச் சொன்னவன் அவன்தான். கரையில் நிற்பவருக்குக் கடல் இடம் வலமாக வளைந்து தெரியாது. தெரிவதாகச் சொன்னவர்கள் படித்ததைப் பார்த்தார்கள், கடலைப் பார்க்கவில்லை. ஆனால் "வளைவு தெரியவில்லை, ஆகவே தட்டை" என்று அவன் தாண்டினானே ஒரு தாண்டு, அங்கேதான் தவறு.

கடலும் வானமும் சேர்வதுபோல் தெரியும் கோட்டுக்குத் தொடுவானம் என்று பெயர். கரையில் நிற்கும் ஒருவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவருடைய தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். எந்தத் திசையில் திரும்பினாலும் அதே 5 கிலோமீட்டர். மிகப் பெரிய வாணலியைக் கவிழ்த்து அதன் உச்சியில் நிற்கும் எறும்பை நினைத்துக்கொள்ளுங்கள். எறும்பைச் சுற்றிலும் வாணலி ஒரே அளவு தாழ்கிறது. இடப்பக்கம் அதிகம், வலப்பக்கம் குறைவு என்ற பேச்சே இல்லை. ஆகவே அதற்குச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் ஒரு விளிம்புதான் தெரியும். வளைவு இருக்கிறது, ஆனால் அது எறும்பிடமிருந்து விலகிப் போகும் திசையில் இருக்கிறது, பக்கவாட்டில் இல்லை.

அப்படியானால் படங்களில் கடல் வளைந்திருக்கிறதே? பெரும்பாலும் அது லென்ஸ் செய்த வேலை. அகலக் காட்சி எடுக்கும் லென்ஸில் தொடுவானத்தைப் படத்தின் மேல்பகுதியில் வைத்து எடுத்தால் அது மேல்நோக்கி வளையும். கீழ்ப்பகுதியில் வைத்து எடுத்தால் கிண்ணம் போலக் குழியும். பூமி நொடிக்கு நொடி வடிவம் மாறுவதில்லை என்பதால், இந்தப் படங்களை இரு தரப்பும் மூட்டை கட்டி வைத்துவிடலாம்.

எது சாட்சி?

நீதிமன்றத்தில் ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவர் சொல்வது வாதிக்கும் பொருந்துகிறது, பிரதிவாதிக்கும் பொருந்துகிறது என்றால் நல்ல வக்கீல் அவரைச் சீக்கிரமே இறக்கிவிடுவார். பூமியின் வடிவத்தைப் பற்றிய விவாதங்களில் பாதி இப்படிப்பட்ட சாட்சிகளை வைத்தே நடக்கின்றன. தொடுவானம் நேராகத் தெரிவது தட்டைப் பூமிக்கும் பொருந்தும், 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டைக்கும் பொருந்தும். அது யாருக்கும் சாட்சி அல்ல.

நமக்கு வேண்டியது வேறு. "தட்டையாக இருந்தால் இப்படித் தெரிய வேண்டும், உருண்டையாக இருந்தால் அப்படித் தெரிய வேண்டும்" என்று இரண்டு விடைகளும் பிரியும் இடம் வேண்டும். இனி வரும் ஒவ்வொரு பகுதியிலும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கப்போகிறோம்.

மேம்பாலத்தின் மறுபக்கத்திலிருந்து வரும் பஸ்

மார்த்தாண்டம் மேம்பாலம் போல ஏறி இறங்கும் ஒரு சாலையின் இப்பக்கம் நின்று, அப்பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸைப் பாருங்கள். முதலில் கூரை, பிறகு ஊர்ப் பெயர்ப் பலகை, பிறகு கண்ணாடி, கடைசியில் சக்கரம். திரும்பிப் போகும்போது சக்கரம் முதலில் மறையும், கூரை கடைசியில். மேடு நடுவில் இருப்பதால் அடிப்பாகம் மறைகிறது. இதுவே மேடில்லாத நேர்ச்சாலை என்றால் பஸ் தூரம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். சக்கரமும் கூரையும் சேர்ந்தே சிறுக்கும்.

ஆக, ஒரு பொருள் கண்ணிலிருந்து மறைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சிறுத்து மறைவது. மற்றொன்று மூழ்கி மறைவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

குமரி மாவட்டத்து மீனவர்களுக்கு இது புதிய சேதி இல்லை. கரையைவிட்டுப் போகப் போக முதலில் மணல் மறையும், பிறகு வீடுகள், பிறகு தென்னை, பிறகு தேவாலயக் கோபுரம். கடைசிவரை துணைக்கு வருவது மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகள். ஜிபிஎஸ் கருவி வருவதற்கு முன்பு கடலடிப் பாறை இருக்கும் இடத்தைக் கரையிலுள்ள உயரமான அடையாளங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துத்தான் குறித்துவைத்தார்கள். அந்த வித்தையில் எது எவ்வளவு தூரம்வரை தலை காட்டும் என்பது முக்கியம்.

இதை எண்ணில் சொல்லலாம். கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். பார்க்கும் பொருளின் உயரத்துக்கும் அதே கணக்குதான். இரண்டையும் கூட்டினால், அந்தப் பொருள் முழுதும் மறையும் தூரம் வந்துவிடும்.

நம் ஊர்ச் சிலையை வைத்தே பார்ப்போம். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்களைக் குறிப்பது. அதன்மேல் நிற்கும் உருவம் 95 அடி, பொருளும் இன்பமும். சிலை நேராக நீர்மட்டத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டால், கண் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் படகுக்காரருக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தூரத்தில் பீடம் முழுதும் கடலுக்குள் போய்விடும். வள்ளுவர் தண்ணீரில் நிற்பதுபோல் தெரிவார். அறத்துப்பால் மூழ்கிய பிறகும் மற்ற இரண்டு பாலும் தெரிகின்றன என்பது நம் காலத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சுமார் 28 கிலோமீட்டரில் எல்லாமே மறையும். உண்மையில் அவர் ஒரு பாறையின்மேல் நிற்பதால் இந்தத் தூரங்கள் கொஞ்சம் கூடும்.

பூமி தட்டை என்றால்? 17 கிலோமீட்டரில் 133 அடியும் தெரிய வேண்டும், முழுநிலாவின் கால் பங்கு உயரத்துக்குச் சிறுத்து. பைனாகுலர் வைத்தால் பீடத்தையும் பார்த்துவிடலாம். இங்கே இரண்டு விடைகளும் பிரிந்துவிட்டன. இது சாட்சி.

"ஜூம் செய்தால் கப்பல் திரும்பி வருகிறதே, பெரியப்பா!"

தம்பி மகன் கையில் வைத்திருந்த வீடியோ இதுதான். கண்ணுக்கு மறைந்த கப்பலை ஒருவர் கேமராவில் இழுத்துப் பார்க்கிறார். கப்பல் திரும்பவும் தெரிகிறது. "பார்த்தீர்களா? அது வளைவுக்குப் பின்னால் போகவே இல்லை."

உண்மைதான், அந்தக் கப்பல் வளைவுக்குப் பின்னால் போகவில்லை. அது சிறுத்து மறைந்த கப்பல். சிறுத்ததை ஜூம் பெரிதாக்கிக் காட்டும். மூழ்கியதை எந்த ஜூமும் கொண்டுவராது. மேம்பாலத்தின் மறுபக்கம் இருக்கும் பஸ்ஸின் சக்கரத்தை எவ்வளவு விலையுள்ள கேமராவாலும் பார்க்க முடியாது, அதைப் போல. ஆகவே ஜூம் செய்த படத்தில் "கப்பல் தெரிகிறதா?" என்று கேட்பது வீண். "கப்பலின் அடிப்பாகம் தெரிகிறதா?" என்று கேட்க வேண்டும்.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, அது கொஞ்சம் கனமான மறுப்பு. சில நாட்களில், கணக்குப்படி மறைந்திருக்க வேண்டிய அடிப்பாகமும் தெரியும். காரணம் ஒளிவிலகல். அடர்த்தி மாறும் காற்றின் ஊடே போகும் ஒளி நேராகப் போகாமல் வளைந்து போவதுதான் அது. தண்ணீர்த் தம்ளரில் ஸ்பூன் ஒடிந்து தெரிவதும் இதன் உறவுதான். கடல்மேல் குளிர்ந்த காற்றும் அதற்குமேல் வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும்போது, ஒளி பூமியின் வளைவோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்து, மறைந்ததைத் தூக்கிக் காட்டும். சாதாரண நாட்களில்கூட இது தொடுவானத்தை ஏழெட்டு சதவீதம் தள்ளிப்போடும். நீர்மட்டத்தை ஒட்டிப் பார்த்தால் விளைவு மிக அதிகம்.

இங்கிலாந்தில் 1838இல் சாமுவேல் ரோபோதம் என்பவர் ஆறு மைல் நீளத்துக்கு நேராக ஓடும் ஒரு கால்வாயில் கண்ணை நீருக்கு எட்டு அங்குல உயரத்தில் வைத்துப் பார்த்தார். தூரத்துப் படகு மறையாததைக் கண்டு பூமி தட்டை என்று முடிவு கட்டினார். கண்ணை வைக்கக் கூடாத இடத்தில் வைத்ததுதான் அவர் செய்த பிழை. 1870இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், அதாவது டார்வினோடு சேர்ந்து பரிணாமக் கொள்கையை முன்வைத்த அதே வாலஸ், 500 பவுண்டு பந்தயத்துக்காக அதே கால்வாயில் சோதனையைத் திரும்பச் செய்தார். இம்முறை கண்ணை நீர்மட்டத்திலிருந்து 13 அடிக்கு மேலே தூக்கி வைத்துப் பார்த்தார். நடுவில் வைத்த அடையாளம் இரண்டு முனைகளையும்விட உயர்ந்து தெரிந்தது. பந்தயத்தில் வென்றார். எதிர்த்துப் பந்தயம் கட்டித் தோற்ற ஜான் ஹாம்ப்டன் என்பவரோ ஒப்புக்கொள்ளாமல் பல ஆண்டுகள் அவரைத் திட்டிக்கொண்டும் வழக்குக்கு இழுத்துக்கொண்டும் இருந்தார். இந்த விஷயத்தில் பந்தயம் கட்ட வேண்டாம் என்று நான் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது அதனால்தான்.

இதுவரை பார்த்தது: பக்கவாட்டு வளைவு கரையிலிருந்து தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அடியிலிருந்து மறைவதுதான் சாட்சி. நீரை ஒட்டிப் பார்த்தால் ஒளிவிலகல் ஏமாற்றும். உயரத்திலிருந்து பார்க்க வேண்டும்.

சூரியன் ஏன் கடலைத் தொடுகிறது

ஆயிரக்கணக்கானோர் கூடிப் பார்க்கும் அஸ்தமனமே நல்ல சாட்சி என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை.

தட்டைப் பூமிக்காரர்கள் சொல்லும் சூரியன் சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்குமேல் சுற்றுகிறது. தூரமாகப் போகும்போது நமக்கு அஸ்தமனம். சரி, நீண்ட நேர்ச்சாலையில் வரிசையாக நிற்கும் தெருவிளக்குகளைப் பாருங்கள். தூரத்து விளக்கு தாழ்ந்து தெரியும், சிறுத்தும் தெரியும். ஆனால் எந்த விளக்காவது சாலைக்குள் பாதி புதைந்து நிற்கிறதா? 5,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சூரியன் 20,000 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் தொடுவானத்துக்கு 14 டிகிரி மேலேதான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. ஆக, ஒன்றரை முஷ்டி உயரம். அளவும் உச்சிவேளைச் சூரியனில் கால் பங்காகச் சுருங்கியிருக்கும்.

நாம் பார்ப்பது என்ன? அதே அளவுச் சூரியன், அடி விளிம்பு கடலைத் தொட்டு, பாதியாகி, நகக்கண்ணளவாகி, மூழ்குகிறது. கப்பலைப் போலவே, சிறுத்து அல்ல.

இதில் ஒரு வேடிக்கை. தொடுவானத்தருகில் ஒளிவிலகல் சூரியனை அதன் விட்ட அளவுக்குச் சற்று அதிகமாகவே தூக்கிக் காட்டுகிறது. ஆகவே அடி விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் கைதட்டும் அந்த நொடியில், சூரியன் முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே போய் முடிந்தது. நாம் படம் எடுப்பது போனவரின் வெளிச்சத்தைத்தான். சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியனும் கிழக்கே நிலாவும் ஒரே நேரத்தில் கடல்மேல் தெரியும் புகழ்பெற்ற காட்சிக்கும் இந்தத் தூக்கல் கொஞ்சம் கை கொடுக்கிறது.

நிழலில்லாத நாளும் மூன்று குச்சிகளும்

பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்த கதை ஒன்று உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்பவர், சையீன் என்ற ஊரில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில், வடக்கேயுள்ள அலெக்சாந்திரியாவில் நிழல் 7.2 டிகிரி சாய்ந்திருப்பதைக் கண்டார். முழு வட்டத்தில் அது ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொன்னார்.

"இதுவே பூமி உருண்டை என்பதற்கு நிரூபணம்" என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. மன்னிக்கவும், இது நிரூபணம் அல்ல. எரட்டோஸ்தனிஸ் உருண்டை என்று ஏற்றுக்கொண்டுதான் அளவெடுத்தார். இரண்டு ஊர் நிழலை மட்டும் வைத்துக்கொண்டால், தட்டைப் பூமியின்மேல் அருகில் தொங்கும் ஒரு சூரியனும் அதே நிழலைத் தரும். மேசை விளக்குக்கு நேர் கீழே ஒரு பென்சிலும் ஓரத்தில் ஒரு பென்சிலும் நிறுத்திப் பாருங்கள். நிழல் வேறுபடும், மேசையோ தட்டை. அந்த வீடியோக்காரர்கள் இந்த இடத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். நாம்தான் பாதி வழியில் நிறுத்திவிட்டோம்.

மீதி வழியைப் போக மூன்றாவது, நான்காவது குச்சி வேண்டும். அதற்குக் கன்னியாகுமரி மிக வசதியான ஊர். ஓர் இடம் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பதே அதன் அட்சரேகை. கன்னியாகுமரிக்கு அது 8 டிகிரியும் கொஞ்சமும். ஏப்ரல் 10, 11ஐ ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் பகல் 12.20 வாக்கில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. இன்னொரு வசதி, பெங்களூரும் டெல்லியும் கிட்டத்தட்ட கன்னியாகுமரிக்கு நேர் வடக்கில் இருக்கின்றன. இன்னும் வடக்கே, சற்றுக் கிழக்கே தள்ளி, சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க்.

அந்த நாளில், அந்தந்த ஊரின் நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் பெங்களூரில் சுமார் எட்டரை சென்டிமீட்டர். டெல்லியில் சுமார் 37. நோவோசிபிர்ஸ்கில் சுமார் 107, குச்சியைவிட நீளம். வடக்கு தெற்காகக் கன்னியாகுமரியிலிருந்து இந்த ஊர்களுக்குத் தூரம் முறையே ஏறத்தாழ 540, 2,270, 5,200 கிலோமீட்டர்.

இப்போது தட்டைப் பூமிக்கு முழு வாய்ப்புக் கொடுப்போம். சூரியன் கன்னியாகுமரிக்கு நேர்மேலே தொங்குகிறது என்றால் அதன் உயரம் என்ன? தூரத்தை, மீட்டரில் எடுத்த நிழலால் வகுத்தால் போதும். பெங்களூர் நிழல் சுமார் 6,300 கிலோமீட்டர் என்கிறது. டெல்லி நிழல் 6,060 என்கிறது. நோவோசிபிர்ஸ்க் 4,900கூட இல்லை என்கிறது. ஒரே சூரியன், ஒரே நாள், மூன்று உயரம். பொய்ச்சாட்சிகள் மூன்று பேர் தனித்தனியாக விசாரிக்கப்பட்டால் இப்படித்தான் முரண்படுவார்கள்.

உருண்டைக் கணக்கில், சூரியன் வெகு தூரத்தில் இருப்பதால் அதன் கதிர்கள் இணையாக வருகின்றன, குச்சிகள்தான் சாய்ந்திருக்கின்றன. நிழலைக் கோணமாக மாற்றினால் பெங்களூர் 4.9 டிகிரி, டெல்லி 20.5, நோவோசிபிர்ஸ்க் 47. தூரத்தைக் கோணத்தால் வகுத்துப் பாருங்கள். மூன்று ஊரிலும் ஒரு டிகிரிக்கு 110லிருந்து 111 கிலோமீட்டர். 360ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். நண்பர்கள் நாலு ஊரில் இருந்தால் ஒரு தூக்குக்குண்டு, ஒரு அளவு நாடாவோடு இதைச் செய்துவிடலாம். செலவு ஒரு டீ விலைக்கு மேல் போகாது.

ஆக, இரண்டு குச்சி சுற்றளவைத் தரும், வடிவத்தை நிரூபிக்காது. மூன்றாவது குச்சி வந்ததும் தட்டைக் கணக்கு உடைகிறது.

இதே வேலையை இரவில் துருவ நட்சத்திரம் செய்கிறது. டெல்லியில் அது 28, 29 டிகிரி உயரத்தில் நிற்கும். கன்னியாகுமரியில் எட்டே டிகிரி, நீட்டிய முஷ்டிக்குள் மறைந்துவிடும். தெற்கே அகத்திய நட்சத்திரம் நமக்கு மூன்று முஷ்டி உயரம், டெல்லிக்காரருக்கு ஒன்றுகூட இல்லை. நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போனால் துருவ நட்சத்திரம் கடலுக்குள் போய்விடும். தட்டைத் தரைக்குமேல் தொங்கும் எந்த விளக்கும் அப்படிப் போகாது.

கிரகண நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் வட்டமாக விழுகிறது, ஆகவே உருண்டை என்பார்கள். தாம்பாளத்தின் நிழலும் வட்டம்தான், நேராகப் பிடித்தால். சாய்த்துப் பிடித்தால் நீண்டுவிடும். தேங்காய்க்கு எப்படிப் பிடித்தாலும் ஏறக்குறைய ஒரே நிழல். கிரகணம் நிலா எழும்போது நடந்தாலும் நள்ளிரவில் நடந்தாலும் நிழலின் விளிம்பு வட்டமாகவே இருக்கிறது என்பதுதான் சாட்சி. ஒரு கிரகணம் மட்டும் பார்த்தால் போதாது. கி.பி. 499 அளவில் எழுதிய ஆரியபட்டர் தாம்பாளத்தையும் தேங்காயையும் எடுக்கவில்லை, கடம்பம்பூவை எடுத்தார். எல்லாப் பக்கமும் இதழ் நீட்டி நிற்கும் அந்தப் பூப்பந்து போலப் பூமியைச் சுற்றி எங்கும் உயிர்கள் நிற்கின்றன என்றார். அதைவிட நல்ல உவமை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

"தண்ணீர் எப்போதும் மட்டம்தானே?"

இது தம்பி மகனின் கடைசி அம்பு. தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும். மட்டம் என்றால் நேர். ஆகவே கடல் நேர்.

இதற்கு விடை எங்கள் வீட்டில் சுவர் எழுப்பிய கொத்தனாரின் பையில் இருந்தது. அவரிடம் இரண்டு கருவிகள் உண்டு. செங்குத்தைப் பார்க்கத் தூக்குக்குண்டு, கிடைமட்டத்தைப் பார்க்க ரசமட்டம். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்பது எப்போது? பலகை தூக்குக்குண்டின் நூலுக்குச் செங்கோணமாக இருக்கும்போது. மட்டம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. தூக்குக்குண்டு எங்கே இழுக்கப்படுகிறதோ, அதற்குக் குறுக்கே இருப்பதே மட்டம்.

தூக்குக்குண்டைப் பூமியின் மையம் நோக்கி ஈர்ப்பு விசை இழுக்கிறது. ஈர்ப்பு விசை என்பது பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசை. அப்படியானால் நாகர்கோவிலில் தொங்கும் நூலும் சென்னையில் தொங்கும் நூலும் இணை அல்ல. வடக்கு தெற்காக மட்டும் பார்த்தாலே இரண்டுக்கும் ஏறக்குறைய 5 டிகிரி வித்தியாசம். முப்பந்தலில் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு காற்றாலைகளை 100 மீட்டர் உயரத்துக்குத் துல்லியச் செங்குத்தாக நிறுத்தினால், அவற்றின் உச்சிகள் அடிகளைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம் விலகியிருக்கும். நூல்கள் விரிந்து நிற்கும்போது அவற்றுக்குக் குறுக்கே ஓடும் மட்டம் நேர்க்கோடாக இருக்க முடியாது. கடல் மட்டமாகத்தான் இருக்கிறது. மட்டமாக இருப்பதால்தான் வளைந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் ஏன் கீழே விழவில்லை என்ற கேள்வியும் இதிலேயே அடங்கிவிட்டது. கீழ் என்பது நூல் காட்டும் திசை. அங்கேயும் தேங்காய் காலடியில்தான் விழும்.

உருண்டை என்றால் எவ்வளவு உருண்டை?

"பூமி முட்டை வடிவம்" என்று ஒரு கூட்டம், "ஆரஞ்சு வடிவம்" என்று ஒரு கூட்டம். முட்டை தவறு. ஆரஞ்சு திசையில் சரி, அளவில் மிகை. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நிலநடுக்கோட்டுப் பகுதி சற்றுப் புடைத்திருக்கிறது. அங்கே ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. வித்தியாசம் 21 கிலோமீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். பூமியைக் கால்பந்து அளவுக்குச் சுருக்கினால் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர். கையில் உருட்டிப் பார்த்தாலும் தெரியாது.

இந்தச் சிறு வித்தியாசத்தை அளப்பதில் நம் மாவட்டத்துக்குப் பங்கு உண்டு. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் நேர்க்கோடு, அளந்து தொடங்கிய நில அளவை, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயமலை அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வில்லாக வளர்ந்தது. அரை டன் எடையுள்ள கோணமானியைக் கோயில் கோபுரங்களிலும் மலைகளிலும் ஏற்றி அளந்தார்கள். தஞ்சாவூரில் 1808இல் அது கயிறு அறுந்து மோதிச் சேதமடைந்தது, லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து பல வாரம் அதைச் சரிசெய்தார். அவ்வளவு பாடு எதற்கு? ஒரு டிகிரி அட்சரேகை எங்கும் ஒரே நீளமா என்று பார்க்கத்தான். இல்லை. குமரி அருகில் ஒரு டிகிரி 110.6 கிலோமீட்டர், இமய அடிவாரத்தில் 110.85. வடக்கே போகப் போகப் பூமியின் வளைவு கொஞ்சம் தட்டையாவதால், ஒரு டிகிரி திரும்பக் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கால் கிலோமீட்டரைக் கண்டுபிடிக்கும் துல்லியம் இருந்தவர்களுக்குப் பூமி தட்டையா என்ற கேள்வி எப்போதோ தாண்டிய ஊர்.

குமரிக்குத் தெற்கே ஒரு பள்ளம்

இவ்வளவுக்குப் பிறகும் பூமி முழுச் சீரான வடிவம் அல்ல. உள்ளே இருக்கும் பாறை எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் இல்லை. அடர்த்தி கூடிய பக்கம் தூக்குக்குண்டு மயிரிழை சாயும். அலை, காற்று, நீரோட்டம் எதுவும் இல்லாமல் ஈர்ப்பு மட்டும் தீர்மானித்தால் கடல் எந்த வடிவில் நிற்குமோ, அந்த வடிவத்துக்கு ஜியாய்டு என்று பெயர். அதில் மேடும் பள்ளமும் உண்டு. உலகத்திலேயே ஆழமான பள்ளம் கன்னியாகுமரிக்குத் தெற்கே, இலங்கையின் தென்மேற்கே, சில நூறு கிலோமீட்டரில் இருக்கிறது. சீரான வடிவத்தோடு ஒப்பிட்டால் அங்கே கடல்மட்டம் சுமார் 106 மீட்டர் தாழ்வு, திருவள்ளுவர் சிலையைப் போல் இரண்டரை மடங்கு. பூமிக்குள் வெகு ஆழத்தில் சுற்றுப்புறத்தைவிட அடர்த்தி குறைந்த பொருள் எழுந்து நிற்பதே காரணம் என்று 2023இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் கணினி மாதிரிகளின் மூலம் காட்டினார்கள்.

இதைச் சொன்னதும் தம்பி மகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்படியானால் சின்னமுட்டத்திலிருந்து தெற்கே போகும் விசைப்படகு இறக்கத்தில் உருண்டு போய்விடுமே?" என்றான். போகாது. பள்ளத்தின் சரிவிலும் தூக்குக்குண்டு அந்தச் சரிவுக்குச் செங்குத்தாகவே தொங்கும். அதன் நடுவில் படகை நிறுத்திக் கொத்தனாரின் ரசமட்டத்தைத் தளத்தில் வைத்தாலும், அலை ஓய்ந்த நேரத்தில் குமிழி நடுவில்தான் நிற்கும்.